மீன்சாறுச் சாடி

தோவா: அடிவாரத்துல சிப்பாய் வாங்கினான். படகுத்துறையில இன்னொருத்தன் வாங்கினான். இப்போ இந்தக் கணவாய்ல நீயா?

லாம்: அவங்க வாங்கினது வரி, அக்கா. நாங்க வாங்கறது மாய்லோ, வழிக்காசு. வழியை விலைக்கு வாங்கிக்கறீங்க, அவ்வளவுதான்.

தோவா: வழி உங்கப்பன் வெட்டினதா?

லாம்: கத்தி என்னுது. தலைக்கு அரைச்சரம் காசு.

தோவா: பேரு வச்சுட்டா கொள்ளை இல்லைன்னு ஆயிடுமா? இந்தா, பிடி... தொப்பிக்கயிறு அழகா இருக்கே. யார் பின்னினது?

லாம்: வீட்டுல. ஏன்?

தோவா: சும்மாதான். ரொம்ப நாளா இங்கேதான் நிக்கறியா?

லாம்: இந்த அறுப்புக்கு அப்புறம்தான் வந்தேன். அதை விடுங்க. காவுத்தடியில அந்தச் சாடி என்ன?

தோவா: மீன்சாறு.

லாம்: திறங்க.

தோவா: வெயில் பட்டா கெட்டுடும்.

லாம்: யார்கிட்ட கதை விடறீங்க? நான் கடற்கரைக்காரன். எங்கம்மா மீன்சாறை மாசக்கணக்கா வெயில்லதான் வைப்பா. உள்ளே வெள்ளிதானே?

தோவா: கையை எடு.

லாம்: வர்ற வழியெல்லாம் தங்கத்தாள் வேற கிடக்கு. நீங்க போட்டதா? அது சாவு ஊர்வலத்துல போடறதாச்சே... அக்கா...

தோவா: ஆமா. நாதியத்த பேய்ங்களுக்கு நான் கொடுத்த வழிக்காசு. அதுங்க தாளை வாங்கிட்டு வழியை விட்டுச்சு. நீங்கதான் விடலை.

லாம்: உள்ளே... யாரு?

தோவா: என் வீட்டுக்காரர். வழிக்காசு பத்தலைன்னு இதே கணவாய்ல வெட்டிப் போட்டாங்க. வழிப்போக்கருங்க அந்த வளைவுக்குக் கீழே புதைச்சாங்க. மூணு வருஷம் ஆச்சு. எலும்பைத் தோண்டிக் கழுவி ஊருக்குத் தூக்கிட்டுப் போறேன். பிணம்னு சொன்னா எவன் படகுல ஏத்துவான்?

லாம்: முதல்லயே சொல்லியிருக்கலாமே...

தோவா: சொன்னா அழுதிருப்பியா? திறக்கணும்னியே, திற. எலும்பு மேல வெயில் படக்கூடாது. உன் தொப்பியைக் கழட்டி மேலே பிடிச்சுக்க.

லாம்: வேண்டாம். போங்க. இந்தாங்க உங்க காசு.

தோவா: அது என் தலைக்குக் கொடுத்தது. வச்சுக்கோ.

லாம்: அவருக்கு நான் எதுவும் கேக்கலையே...

தோவா: எப்படிக் கேப்பே? அவர்கிட்ட அன்னிக்கே வாங்கிட்டியே. தொப்பி புதுசுதான். கயிறு நான் பின்னினது. அவிழ்த்துச் சாடி மேல வை.