எந்திரங்கள் வாய்மூடிய காலை

நள்ளிரவு தாண்டி எழுதிய உரை இது. மகள் தூங்கினால்தான் எனக்குப் பேனா கிடைக்கும். அவள் மூச்சு சீராக வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்த்த பிறகுதான் வாக்கியம் கிடைக்கும். ஆகவே எங்காவது ஒரு வரி கொட்டாவி விட்டால் சபையோர் பொறுத்தருள வேண்டும்.

இந்த இலையுதிர்கால விருந்துக்குத் தலைமை ஏற்று, தலைமைக்கே தலைநிமிர்வு தந்திருக்கும் மன்றத் தலைவர் டெல்ஃபினா ஓக்ஸ் அம்மையார் அவர்களே! புழுதிப்புயல் துரத்தச் சொந்த ஊரை விட்டு ஓடிவந்து, இந்த மண்ணின் புழுதியைப் பொன்னாக்கிய குடும்பங்களின் பெரியோர்களே! கேரட் வயலில் தாம் குனிந்து, கல்லூரி வாசலில் பிள்ளைகளை நிமிர்த்தி நிறுத்திய தாய்மார்களே! எண்ணெய்க் கறை போகாத கைகளோடும் இஸ்திரி கலையாத சட்டைகளோடும் வந்திருக்கும் அண்ணன்மார்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் எண்ணெய் வயல் மேலாளர் திரு. ஹாலோவே அவர்களே! கேரட் பண்ணை உரிமையாளர் திரு. எச்செவெரி அவர்களே! உங்கள் இருவரையும் கடைசியில் தனியாகக் கவனிக்கிறேன். அழுகிற குழந்தையோடு கதவோரம் நிற்கும் என் வயதுத் தாய்மார்களே! உள்ளே வாருங்கள், அழட்டும், இந்த மன்றம் பார்க்காத சத்தமா? உங்கள் அனைவருக்கும் ரேலீன் அரியாகாவின் அன்பு வணக்கம்.

நம் ஊர் பேக்கர்ஸ்ஃபீல்டு என்று சொன்னால் கடற்கரை ஊர்க்காரர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள். கடல் இல்லையே என்கிறார்கள். இல்லைதான். உங்கள் ஆற்றிலாவது தண்ணீர் இருக்கிறதா என்கிறார்கள். சில வருடம் இருக்கிறது! சிரிக்காதீர்கள், கெர்ன் ஆறு கோபித்துக்கொள்ளும்.

நான் கேட்கிறேன். அவர்கள் வண்டி யார் மண்ணின் எண்ணெயில் ஓடுகிறது? அவர்கள் குழந்தை கடிக்கும் கேரட் யார் வயலில் விளைந்தது? மதுக்கூடத்தில் ஒரு கிதார் சுண்டி இழுத்ததும் அவர்கள் கால் தன்னை மறந்து தாளம் போடுகிறதே, அந்தக் கிதார் யாருடையது? எண்ணெய் எங்களுடையது! ஏர் எங்களுடையது! இசை எங்களுடையது! இந்த மூன்றும் கைகோத்துக்கொண்ட ஒரு காலையை நான் கண்ணால் கண்டேன். தவறு, கண்ணால் காணவில்லை. அன்று எதையுமே கண்ணால் காண முடியவில்லை.

போன ஜனவரி. விடிந்தும் விடியாத மாதிரி மூடுபனி. என் கணவர் பேட்டோ லாரியோடு மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். என் மகள் ஜூனிக்கு இரண்டு வயது. காலையில் எழுந்தவள் அழவில்லை. அழுவதற்கு மூச்சு இல்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் நெஞ்சுக்குழி உள்ளே போனது, உதடு நீலம் பாய்ந்தது. தாய்மார்களே, மேற்கொண்டு நான் சொல்ல வேண்டுமா?

ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது என்றார்கள் போனில். பிறகு, நின்றுவிட்டது என்றார்கள்.

எங்கள் வீட்டுக்கு வரும் வழி உங்களுக்குத் தெரியும். எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே மண்பாதைகள், ஒன்றுக்கும் பெயர்ப்பலகை கிடையாது, பக்கத்திலேயே கால்வாய். ஆம்புலன்ஸ் ஓட்டி வந்த ஹர்லீன் தலிவால் நம் தெற்குத் தெருப் பெண். வண்டியின் மூக்கே அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் இந்த ஊரில் வண்டி ஓட்டப் பழகுகிறவர்கள் முதலில் பழகுவது பிரேக்கையா? இல்லை, காதை! நாற்சந்தி வந்தால் கண்ணாடியை இறக்கு, எஞ்சினை அணை, கேள். ஹர்லீனும் அதையே செய்தாள். என்ன கேட்டது? இடப்பக்கம் எண்ணெய் இறைக்கும் பம்புகள் முனகுகின்றன. வலப்பக்கம் பம்புகள் முனகுகின்றன. எதிரே கேரட் பிடுங்கும் எந்திரம் உறுமுகிறது. எந்தப் பக்கம் திரும்புவாள் அந்தப் பெண்?

நான் ஜூனியைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, எங்கள் காரின் ஹாரனை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து வெர்லீன் ப்ரூயிட் வந்தார். வாரமெல்லாம் கேரட் தரம் பிரித்து, சனிக்கிழமைகளில் இதே மேடையில் கிதார் வாசிக்கும் அதே வெர்லீன்தான். என் கையைப் பிடித்து எடுத்தார்.

“ஹாரனை விடு கண்ணு. ஊர்ல இருக்கற லாரியெல்லாம் முட்டிக்காம இருக்க ஹாரன்தான் அடிச்சிட்டிருக்கு. எது உன்னோடதுன்னு அவளுக்கு எப்படித் தெரியும்?”

கிதாரைக் கொண்டுவந்தார். ஒலிபெருக்கியை டிரக்கின் பின்பலகையில் ஏற்றினார். என் சமையலறை ஜன்னல் வழியாக வயர் இழுத்தார். கிதார் ஒலியை நோக்கி வரச் சொல்லுங்கள் என்று நான் போனில் சொன்னேன். வெர்லீன் வாசித்தார். ஹர்லீனுக்கு எட்டவில்லை. பம்புகள் அந்த ஒலியை வழியிலேயே தின்றுவிட்டன.

அப்போது அந்தப் பாதையில் வந்தார் வென்டல் ஸ்டோவால். எங்கள் பக்கத்துக் கிணறுகளைத் தினமும் சுற்றிப் பார்ப்பவர்.

“வென்டல், உன் பொம்மைங்களைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லு,” என்றார் வெர்லீன்.

மேலிடத்தைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றார் வென்டல். சொல்லிக்கொண்டே என் தோளைப் பார்த்தார். ஜூனியின் உதட்டைப் பார்த்தார்.

“சரி, கேட்டதா நெனச்சுக்கறேன்.”

பனிக்குள் நடந்து போனார். ஒரு பம்பு நின்றது. இன்னொன்று நின்றது. நடந்துகொண்டே கேரட் வயல் மேஸ்திரி சூயி பர்ரகானுக்குப் போன் போட்டார். “என்ன வென்டல், எண்ணெய் தீந்துபோச்சா?” என்று சூயி கிண்டலோடுதான் ஆரம்பித்தாராம். விஷயத்தைக் கேட்டதும், “அணைச்சாச்சு,” என்று ஒரே வார்த்தை. எந்திரம் நின்றது. வரப்போரம் லாரிகளும் வாய்மூடின.

சபையோர்களே! நான் பிறந்த நாள் முதல் அந்தப் பம்புகள் நின்று கேட்டதில்லை. பூமியே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் மகளுக்காகக் காத்திருந்தது போல் இருந்தது. அந்த மௌனத்தில் எழுந்தது கிதார்! நம் ஊர்க் கிதார் ஏன் இவ்வளவு கூர்மை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வேலை முடிந்த எண்ணெய் வயல் ஆட்கள் நிறைந்த கூடத்தில், அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு கேட்க வேண்டுமே, அதனால்தான்! இரைச்சலைக் கிழிக்கப் பிறந்த ஒலிக்குப் பனி எம்மாத்திரம்? ஹர்லீன் கொஞ்சம் ஓட்டினாள், நிறுத்தினாள், கேட்டாள், திரும்பினாள். ஓட்டினாள், நிறுத்தினாள், கேட்டாள். பனிக்குள் மங்கலாய் ஒரு மஞ்சள் வெளிச்சம் முளைத்தது.

“வெர்லீன், நீ வாசிக்கறதைக் கேட்டு ஒரு ஆள் கிட்ட வர்றது இதான் மொதல் தடவை,” என்றார் வென்டல்.

“பேசாம டார்ச்சைத் தூக்கிப் பிடி,” என்றார் வெர்லீன். வாசிப்பதை நிறுத்தவில்லை. ஹர்லீன் வண்டியிலிருந்து இறங்கி ஓடிவந்து, என் மகள் முகத்தில் மூச்சுக்கருவியை வைத்தாள். உதட்டில் நிறம் திரும்புகிற வரை எடுக்கவில்லை.

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். ஆனால் வெர்லீன் பக்கம் திரும்பித் தட்டுங்கள். அதோ, தலைவர் அம்மாவின் சட்டைப் பூவைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாளே, அவள்தான் ஜூனி!

எண்ணெய் வாய்மூடியது. ஏர் வாய்மூடியது. இசை வாய்திறந்தது. என் மகள் மூச்சுவிட்டாள்! இப்படி ஒரு ஊர் வேறு எங்கே இருக்கிறது? ஒன்றுக்காக ஒன்று அடங்கத் தெரிந்த ஊர், ஊர்களிலெல்லாம் உயர்ந்த ஊர் இல்லையா?

ஆனால் அனுமதி இல்லாமல் கிணறுகளை நிறுத்தியதற்காக வென்டலை அலுவலகத்தில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். இன்னொரு முறை நடந்தால் வேலை இருக்காது என்றார்கள். வென்டல் அண்ணன் தலையைக் குனிய வேண்டாம். திரு. ஹாலோவே, நான் சண்டைக்கு வரவில்லை. விதி என்று ஒன்று இருக்கும், எனக்குத் தெரியும். அதை மாற்றுகிற கையும் இந்த மன்றத்தில்தான் இருக்கிறது, அதுவும் எனக்குத் தெரியும்.

மூடுபனி நாளில் ஆம்புலன்ஸ் வழி தேடுகிறது என்று தகவல் வந்தால், எந்திரத்தை நிறுத்த உங்கள் ஆட்கள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த ஒரு வார்த்தையை நீங்களும் திரு. எச்செவெரியும் சொன்னால் போதும். அடுத்த தாயின் முற்றத்தில் நிற்கும் அடுத்த வென்டல், கேட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டியிராது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், என் பிள்ளைக்காகப் பம்பையும் லாரியையும் வாய்மூட வைத்த நல்லவர்களுக்கும், நன்றியோடு வணக்கம் கூறி அமர்கிறேன்.

ஐயா, நவம்பரில் பனி இறங்கிவிடும். அதற்குள் சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.