பெரியவர் ஒருவர் உடன் அமர வேண்டும்

மனைவி: ...இல்லங்க, ஏழாம் பக்கத்துல தெளிவாத்தான் போட்டிருக்கு. கேளுங்க. "மேகப் படகு. மூன்று வயது முதல் அனைவரும் ஏறி மகிழலாம். உயரக் கட்டுப்பாடு இல்லை."

கணவர்: படி இருக்கு.

மனைவி: எங்க? ஒரு படியையும் காணோமே.

கணவர்: பின்பக்கம். இங்கேருந்து தெரியாது. பதினாலு படி.

மனைவி: தெரியாதுங்கறீங்க... பதினாலுன்னும் சொல்றீங்க.

கணவர்: சும்மா குத்துமதிப்பா சொன்னேன்.

மனைவி: குத்துமதிப்பா சொல்றவங்க பத்துன்னோ பதினஞ்சுன்னோ சொல்வாங்க. பதினாலுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

கணவர்: பேனாவைக் கொடு. அந்தப் பக்கத்துல ஒரு பெருக்கல் குறி போடறேன்.

மனைவி: இதோட ஆறு பெருக்கல் குறி. பூங்கா வழிகாட்டிப் புத்தகமா இது? வாத்தியார் திருத்தின பரீட்சைத் தாள் மாதிரி இருக்கு.

கணவர்: அடுத்தது படி.

மனைவி: "சுழலும் கோப்பைகள். குழந்தைகளின் மனம் கவர்ந்தது. பெற்றோரும் உடன் அமரலாம்."

கணவர்: கோப்பைக்குள்ள தூக்கி உட்கார வைக்கணும். வரிசையில நிக்கறவங்க எல்லாம் பாப்பாங்க. வேண்டாம்.

மனைவி: மைனாவைத் தூக்கறது உங்களுக்குக் கஷ்டமா?

கணவர்: எனக்கு இல்ல. பன்னெண்டு வயசுப் பொண்ணும்மா அவ. நடுக் கூட்டத்துல அப்பா தூக்கினா அவளுக்கு எப்படி இருக்கும்?

மனைவி: ம்... சரி, போடுங்க குறியை. இது பரவாயில்லையா பாருங்க. "கண்ணாடிக் குகை. நூற்றிருபது ஆடிகள். சக்கர நாற்காலி செல்லும் சரிவுப் பாதை உண்டு." இதோ, நமக்குன்னே போட்ட மாதிரி இருக்கு.

கணவர்: அது மட்டும் வேண்டாம்.

மனைவி: ஏன்? சரிவு இருக்கே?

கணவர்: நூத்தி இருபது கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நாற்காலிதானே தெரியும்?

மனைவி: அது அவளுக்குக் கஷ்டமா... உங்களுக்கா?

கணவர்: வெயில் ஏறுது. அந்த மரத்தடி பெஞ்சுல உட்காருவோம் வா.

மனைவி: உட்காரலாம். இந்தத் தொப்பியைப் பிடிங்க, தலை வேர்க்குது. காலையில கிளம்பும்போது என்ன கேட்டா தெரியுமா? "பேங்குக்குப் போறதுக்கு எதுக்கும்மா தொப்பி?"

கணவர்: அய்யோ. நீ என்ன சொன்ன?

மனைவி: பேங்குல மேல்கூரை வேலை நடக்குதுன்னேன்.

கணவர்: நம்பினாளா?

மனைவி: "பத்திரமா போயிட்டு வாங்க, தலையில ஓடு விழுந்துடப் போகுது"ன்னா. துணைக்கு வந்திருக்கற அவ சித்தி திரும்பி நின்னு சிரிக்கறா. பொய் சொல்றதுல நம்ம ரெண்டு பேருக்கும் கைராசி இல்லீங்க.

கணவர்: தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். முன்கூட்டியே வந்து பாத்துட்டுப் போறதுதான் நல்லது. அன்னிக்குக் கண்காட்சியில ஆன மாதிரி மறுபடியும் ஆகக் கூடாது.

மனைவி: லிஃப்ட் ஓடலைன்னதும் என்ன சொன்னா பாத்தீங்கல்ல? "நீங்க மேல போயிட்டு வாங்க. பையெல்லாம் என்கிட்ட கொடுங்க, நான் பாத்துக்கறேன்." அறுபது வயசுக்காரி மாதிரி.

கணவர்: மடியில எல்லாப் பையையும் வாங்கி வெச்சுக்கிட்டு... சிரிச்சா வேற.

மனைவி: அந்தச் சிரிப்பைத்தான் என்னால தாங்க முடியல. அழுதிருந்தாக் கூடப் பரவாயில்ல.

கணவர்: அதனாலதான் சொல்றேன். "உனக்கு இல்ல"ன்னு ஒருத்தன் அவ முகத்துக்கு நேரா சொல்லக் கூடாது. சொல்ல மாட்டாங்கன்னு உறுதியான இடத்துக்கு மட்டும் கூட்டிட்டுப் போவோம். ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் போதும்.

மனைவி: இருக்கே. இருபத்தி ரெண்டாம் பக்கம். "குட்டி ரயில். ஏரியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர். கடைசிப் பெட்டியில் சக்கர நாற்காலியுடனேயே ஏறலாம்." இதுக்கு என்ன குத்தம் சொல்லப் போறீங்க?

கணவர்: குத்தம் ஒண்ணும் இல்ல. அது நல்லாத்தான் இருக்கும்.

மனைவி: அப்போ எழுந்திருங்க. போய்ப் பாத்துடுவோம்.

கணவர்: இப்பவா? அது... நீ போய்ப் பாத்துட்டு வாயேன். நான் இங்கயே இருக்கேன்.

மனைவி: முட்டி வலிக்குதா? அஞ்சு நிமிஷ நடைதான். வாங்கன்னா வாங்க.

ரயில்காரர்: வாங்க சார், வாங்க! என்ன, இன்னிக்கு டேப்பு கொண்டு வரலையா?

மனைவி: ...டேப்பா?

ரயில்காரர்: அளவெடுக்கற டேப்புதான்மா. மூணு புதன்கிழமையா வந்து அளந்துட்டுப் போறார். பெட்டி அகலம், சரிவு நீளம், கதவு... என் ரயிலைப் பத்தி எனக்குத் தெரியாததெல்லாம் சாருக்குத் தெரியும். நீங்க வீட்டுக்காரம்மாவா?

மனைவி: ஆமாங்க. புதன்கிழமையா, சரி... புதன்கிழமை ஆபீஸ்ல ஏதோ பயிற்சி வகுப்புன்னு கேள்விப்பட்டேன்.

கணவர்: நான் அப்புறம் சொல்றேன்.

மனைவி: நான் வேற என்னென்னமோ நினைச்சு மண்டையை உடைச்சுக்கிட்டிருந்தேன். சட்டையில பாப்கார்ன் வாசம். எந்த வகுப்புல பாப்கார்ன் கொடுக்கறாங்க?

ரயில்காரர்: அடடா... நான் பாட்டுக்கு வாய் விட்டுட்டேன் போல.

மனைவி: நல்லதுதாங்க பண்ணீங்க. அப்போ அந்தப் பதினாலு படியும்...?

கணவர்: எண்ணினேன். எல்லாத்தையும் எண்ணினேன்.

ரயில்காரர்: பாப்பா வரலையா சார்?

கணவர்: அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வரலாம்னு இருக்கோம்.

ரயில்காரர்: தாராளமா. அம்மா, உங்களுக்கும் ஒரு தடவை காட்டிடறேன். இந்தப் பெட்டியோட பக்கப் பலகை இப்படிக் கீழ இறங்கும். நாற்காலியை உள்ள தள்ளி, சக்கரத்துக்கு இந்தக் கொக்கியை மாட்டிடுவேன். ஆடாது, அசையாது. ஆனா ஒண்ணு. போர்டுல போட்டிருக்கு பாருங்க.

மனைவி: "பெரியவர் ஒருவர் உடன் அமர வேண்டும்."

ரயில்காரர்: நாற்காலிக்குப் பின்னாடி இதோ இந்த சீட்டு. ஏரி வளைவுல வண்டி கொஞ்சம் சாயும். அப்போ பிள்ளையோட தோள் பெல்ட்டைப் பின்னாலேருந்து பிடிச்சுக்கணும். இதைத்தான் அப்பவே சொன்னேன், நீங்களே உட்காந்துக்கங்க சார்னு. அதுலேருந்து சார் மூஞ்சியே சரியில்ல.

கணவர்: நான் இல்லீங்க. அம்மாதான் உட்காருவாங்க.

மனைவி: நான் ஏன்? நீங்க உட்காருங்க. உங்களுக்குத்தான் ரயில் மொத்தமும் அத்துப்படியாச்சே.

கணவர்: என்னால முடியாது.

மனைவி: முடியாதுன்னா?

ரயில்காரர்: அம்மா, இந்த நேரத்துல வண்டி காலியாத்தான் சுத்தும். எங்க நாற்காலி ஒண்ணு இங்க கிடக்கு. பாப்பா இடத்துல நீங்க உட்காருங்க, சார் பின்னாடி உட்காரட்டும். ஒரு சுத்து போயிட்டு வந்தா பயம் விட்டுப் போயிடும்.

மனைவி: நல்ல யோசனை. பிடிங்க, உட்காந்துட்டேன்... அம்மாடி. இதுல உட்காந்தா எல்லாரும் எவ்வளவு உயரமாத் தெரியறாங்க.

ரயில்காரர்: கொக்கி மாட்டியாச்சு. சார், ஏறுங்க. யோசிக்காதீங்க. பெல்ட்டைப் பிடிச்சுக்கங்க. கையை வெளிய நீட்ட வேண்டாம். வண்டி கிளம்புது!

மனைவி: ...மெதுவாத்தான் போகுது. மைனாவுக்குப் பிடிக்கும். வாய் ஓயாம பேசிக்கிட்டே வருவா... என்னங்க, பெல்ட்டைப் பிடிக்கலையா?

கணவர்: பிடிச்சிருக்கேன்.

மனைவி: இல்ல. என் தோள்ல ஒண்ணும் தெரியலையே.

கணவர்: கை வர மாட்டேங்குது. திரும்பாத. நீ அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிரு.

மனைவி: சரி. திரும்பல.

கணவர்: அன்னிக்கு ஸ்கூட்டர்ல அவ என் பின்னாடி உட்காந்திருந்தா. ஸ்கூல் பை முதுகுல. என் சட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு... ஏதோ பாட்டு. அவளே கட்டினது.

மனைவி: எட்டு மாசமா இதைப் பேச வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்க.

கணவர்: இன்னிக்குப் பேசறேன். குறுக்க நாய் வந்துச்சுன்னு சொன்னேன்ல, ஆஸ்பத்திரியில...

மனைவி: ம்.

கணவர்: நாய் வரல.

மனைவி: வரலையா?

கணவர்: வரல. நாய், பூனை, எதுவும் வரல. ரோடு காலியா இருந்துச்சு.

மனைவி: மைனாவும் நாய்னுதானே சொன்னா? கறுப்பு நாய், ஒரு காது மடிஞ்சிருந்துச்சுன்னு...

கணவர்: அதுதான்! நான் வெறும் நாய்னுதான் சொன்னேன். போலீஸ்காரர் அவகிட்ட கேக்கறார். கட்டோட படுத்துக்கிட்டு என்னைப் பாத்தா. பாத்துட்டு, கறுப்புங்கறா... காது மடிஞ்சிருந்துச்சுங்கறா. இல்லாத நாய்க்குக் காது வெச்சா என் பொண்ணு. எனக்காக.

மனைவி: கடவுளே...

கணவர்: அதுக்கப்புறம் நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ முகத்தைப் பாக்கறது?

மனைவி: பாக்கலைன்னு அவளுக்கும் தெரியும். போன வாரம் கேட்டா. "அப்பா ஏம்மா என் காலைப் பாத்தே பேசறார்?"

கணவர்: அப்படியா கேட்டா?

மனைவி: ஆமா. "மேல நானும் இருக்கேன்னு சொல்லும்மா"ன்னா.

கணவர்: என் பொண்ணு...

மனைவி: அழுங்க. யாரும் இல்ல. எல்லாப் பெட்டியும் காலிதான்.

கணவர்: டேப்பை எடுத்துக்கிட்டு இங்க வருவேன். எதையாவது அளந்துக்கிட்டே இருந்தா கொஞ்ச நேரம் அது ஞாபகம் வராது. பூங்கா பூட்டற வரைக்கும் அளப்பேன்.

மனைவி: நாய் வரலைன்னா... பின்ன என்னதாங்க ஆச்சு?

கணவர்: சட்டைப் பையில ஃபோன் அடிச்சுது. அடிச்சு ஓஞ்சுது. மறுபடி அடிச்சுது. விடல. ஆபீஸ்ல என்னமோ தலை போற விஷயம்னு நினைச்சேன். கடைசியில பொறுக்க முடியாம ஒரு கையை எடுத்தேன்... அவ்வளவுதான். வண்டி ரோட்டு நடுத் திட்டுல ஏறிடுச்சு.

மனைவி: ஃபோன்ல... யாருன்னு பாத்தீங்களா?

கணவர்: எங்க பாத்தேன்? வெளிய எடுக்கறதுக்குள்ள தூக்கிப் போட்டுடுச்சு. ஃபோன் தூள் தூளாப் போச்சு. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் கேட்டுப் பாத்தேன், யாரும் கூப்பிடலைங்கறாங்க. யாரா இருந்தா என்ன? கையை எடுத்தது நான்தானே? ஏதாவது சொல்லும்மா. திட்டு. எட்டு மாசமா இல்லாத நாயைத் திட்டிக்கிட்டிருக்க. இப்போ என்னைத் திட்டு.

மனைவி: வளைவு வருது. பெல்ட்டைப் பிடிங்க.

கணவர்: பிடிச்சிருக்கேன்.

மனைவி: ம்... இப்போ தெரியுது. நல்லா அழுத்திப் பிடிச்சிருக்கீங்க.

ரயில்காரர்: ஸ்டேஷன் வந்தாச்சு! எப்படிம்மா? ஆடவே இல்லல்ல? இருங்க, கொக்கியைக் கழட்டறேன்.

மனைவி: வேண்டாங்க. இன்னொரு சுத்து போகலாமா?

ரயில்காரர்: அதுக்கென்ன, ராஜா மாதிரி போங்க. சார், தண்ணி வேணுமா? கண்ணெல்லாம் சிவந்திருக்கே.

கணவர்: தூசிங்க.

ரயில்காரர்: சரி சார்... தூசிதான். கிளம்புது!

கணவர்: எதுக்கு இன்னொரு சுத்து?

மனைவி: இறங்கிட்டா எனக்குத் தைரியம் போயிடும்.

கணவர்: எதுக்குத் தைரியம்?

மனைவி: முதல்ல ஒண்ணு சொல்றேன். ஞாயித்துக்கிழமை அவ பின்னாடி நீங்கதான் உட்காரப் போறீங்க.

கணவர்: அவ ஒத்துக்குவாளா?

மனைவி: நாய்க்குக் காது வெச்சவ, இதுக்கு ஒத்துக்க மாட்டாளா? ஆனா அதுக்கு முன்னாடி, இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அவ முகத்தைப் பாத்து, நேரா சொல்லிடணும். ரெண்டு பேரும்.

கணவர்: ரெண்டு பேருமா? உனக்குச் சொல்ல என்ன இருக்கு?

மனைவி: நாய்னு நீங்க சொன்னப்போ எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சுங்க. அப்பாடா, அப்போ என்னால இல்லன்னு... அதனாலதான் அந்த நாயை விடாம திட்டினேன். திரும்பிப் பாக்க மாட்டேன், நீங்களும் பெல்ட்டை விட்டுடாதீங்க. நாலு தடவை அடிச்சுது. நாலு தடவையும் நான்தான் கூப்பிட்டேன். சமையலறை பல்பு போயிடுச்சு, வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வாங்கன்னு சொல்ல.