கரையில் கிடந்த வள்ளத்தைக் கடலில் இறக்கிய கலாநிதி சந்திரவதனாவுக்கு

உருவகத்தை உருவகத்தாலேயே வென்ற வித்தகரே! சிட்னியின் பல்கலைக்கழக வகுப்பறையில் பண்டைக் கிரேக்கக் கவிதையைக் கால் நூற்றாண்டு காலம் கற்பித்துக் களிப்பூட்டிய கலைச்செல்வியே! இன்று ஓய்வு பெறும் எங்கள் அன்புக்குரிய அக்காவே! கிரவீன் மண்டபம் நிறைந்த எங்கள் வணக்கம்!

கிரேக்கப் புலவர்கள் விருந்துகளிலே மேர்ட்டல் என்னும் நறுமணச் செடியின் கிளையைக் கைமாற்றிப் பாடினார்கள். கிளையைப் பெற்றவர் முன்னே பாடியவரை விஞ்ச வேண்டும். அந்தப் போட்டியை உங்கள் வகுப்பின் ஆண்டுவிழா ஆக்கினீர்கள். கிளை, உங்கள் வீட்டில் எலுமிச்சை வாசம் வீசும் லெமன் மேர்ட்டல் மரத்தினது. எதிராளியின் உருவகத்தையே எடுத்துத் திருப்ப வேண்டும், புதிதாக ஒன்றைத் தேடி ஓடுபவர் தோற்றார் என்பது விதி. லத்தீன் கற்பிக்கும் மகாதேவன் ஆண்டுதோறும் ஓடினார், ஆண்டுதோறும் தோற்றார். இந்த மடலை எழுதியவரும் அவரே!

சென்ற ஆண்டு விழாவுக்குப் பீடத் தலைவர் வந்தார். நீங்கள் ஓய்வு பெறும்போது கிரேக்க வகுப்பையும் மூடுவதாக அறிவிக்கத்தான் வந்தார். வந்தவர், பாவம், வாசம் நன்றாயிருக்கிறதே என்று கிளையைக் கையில் வாங்கிவிட்டார்! "விடாதேங்கோ, அவர் கிளையைப் பிடிச்சிட்டார்!" என்று எங்களிடம் தமிழில் சொல்லிவிட்டு, அவரிடம் ஆங்கிலத்தில் விதியை விளக்கினீர்கள்.

"கிரேக்கம் கரையில் கிடக்கும் பழைய வள்ளம். யாருக்காக அதைக் காப்பது?" என்றார் அவர்.

கிளையை வாங்கினீர்கள். "வள்ளம் பழுதில்லை. தள்ளத்தான் ஆள் இல்லை. நீங்கள் கரையில் கைகட்டி அல்லவா நிற்கிறீர்கள்?" என்றீர்கள்.

மேசைகள் அதிர்ந்தன! மாணவர்கள் துள்ளினார்கள்! பதிலுக்குத் தலைவர் ஏதோ ரயிலைப் பற்றித் தொடங்க, "புது உருவகம்! தோற்றார்!" என்று மகாதேவன்தான் முதலில் கத்தினார். தன்னைப் போல் இன்னொருவர் தோற்றதில் அவருக்கு அத்தனை ஆனந்தம். தலைவரும் சிரித்துவிட்டார். மறுவாரமே வந்து உங்களோடு நெடுநேரம் பேசினார். மூடும் முடிவு கைவிடப்பட்டது. இன்று உங்கள் மாணவி நிரூபா அதே வகுப்பின் நிரந்தர விரிவுரையாளர். வென்றீர்கள் அக்கா, வென்றே விட்டீர்கள்!

வள்ளம் கடலில் போகிறது, துடுப்பு நிரூபாவின் கையில். நீங்கள் இனிக் கரையில் கைகட்டி நின்று காற்று வாங்கலாம்! நலமும் நகைச்சுவையும் குன்றாமல் நெடுங்காலம் வாழ மனமார வாழ்த்துகிறோம். உங்கள் உருவகத்தையே திருப்பிவிட்டோம், இம்முறை வெற்றி தனக்கே என்று மகாதேவன் மார்தட்டுகிறார். ஆனால் வழக்கப்படி இந்த மடலோடு கிளையையும் உங்களிடம் தந்தாக வேண்டும்.

ஒலிவாங்கி தயார். வாருங்கள் அக்கா, தோற்கக் காத்திருக்கிறோம்.

மொழிகள் பீடத்தின் தமிழ்ச் சக ஊழியர்கள்,
சிட்னி