நோய் வெளியேறும் வாசனை

கைக்குத்தல் அரிசியை அவசரமாக வேகவைத்தால் வீணாகிவிடும் மேடம். ஊறவைத்து, சின்னத் தீயில் ஏற்றி, கல்லுப்பு போட்டு, பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு மொட்டைமாடிக்கு ஞாயிறுதோறும் வகுப்புக்கு வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்லித்தருவேன். மாக்ரோபயாட்டிக் உணவுமுறை என்ற பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். சோறு சரியாக இருந்தால் உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும், அவ்வளவுதான் விஷயம்.

என் மனைவி மகாலட்சுமிக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். "அவ உடம்புல அது சுரக்கவே சுரக்காதாம் மாப்ள, ஊசியில மட்டும் கை வைக்காதீங்க" என்றார் அவள் அண்ணன் மருதை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர். பரோட்டாவில் சால்னாவைக் குளமாகக் கட்டி அடிக்கிறவர் எனக்கு வைத்தியப் பாடம் எடுத்தார். அவளுடைய டாக்டரும் அதையேதான் சொன்னார், நாற்காலிக்குள் அடங்காத தொந்தியோடு.

அவள் என் சோற்றை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் திரும்பி உட்கார்ந்து ஊசி போட்டுக்கொள்வாள். வகுப்பில் இது தெரிந்து, சார் வீட்டிலேயே ஊசிதானாமே என்று சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

அதனால் ஃபிரிட்ஜில் இருந்த இன்சுலின் புட்டிகளிலிருந்து மருந்தை எடுத்துவிட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீரை நிரப்பினேன். சர்க்கரை பார்க்கும் மிஷினை ரிப்பேர் என்று எடுத்து வைத்துவிட்டேன். அவள் மனதுக்கு ஊசி, உடம்புக்கு என் சோறு. யார் மனமும் கோணவில்லை.

நன்றாக மெலிந்தாள். பிறகு தாகம் பிடித்தது. "ஏங்க, ஊசி ஒழுங்காதானே போட்டுக்கிறேன், ஏன் இப்படி வறளுது? ஒரு டம்ளர் தண்ணி குடுங்க." எங்கள் முறையில் அதிகத் தண்ணீர் ஆகாது. நாக்கு நனைய ஒரு ஸ்பூன் கொடுத்தேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

மூச்சில் பழ வாசனை வந்தது. முசிறிச் சந்தையில் பூவன் வாழைத்தார் பழுத்துக் கிடக்குமே, அப்படி. உடம்பு நோயை வெளியே தள்ளுகிறது என்று வகுப்பில் அறிவித்தேன். கை தட்டினார்கள். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?

வாந்தி எடுத்தாள், மூச்சு இரைத்தாள். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. வந்திருந்தால் மறுபடி ஊசியைக் குத்தி என் உழைப்பையெல்லாம் பாழாக்கியிருப்பார்கள். கடைசியில் என் மடியிலேயே போய்விட்டாள்.

மருந்தை மாற்றியது நான்தான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் செத்தது அதனால் இல்லை. அவளுக்கு நம்பிக்கை போதவில்லை.

என்னை ஒரு மணி நேரம் மட்டும் வெளியே விடுங்கள் மேடம். பாலக்கரையில் லிசி என்று ஒரு மாணவி, என் பேச்சைக் கேட்டு மகளுக்கு இன்சுலினை நிறுத்தியிருக்கிறாள். நீங்கள் போனை வாங்கி வைப்பதற்குச் சற்று முன்னால், பிள்ளை காலையிலிருந்து கண்ணைத் திறக்கவில்லை என்று அழுதாள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள்.