தனித்தனியா நல்லாதான் பாடுது

செருப்போடயே வாங்க சார், கழட்டாதீங்க. கீழ எங்க ஆணி கெடக்கு, எங்க திருகு கெடக்குன்னு எனக்கே தெரியாது. பைய அந்த ஸ்டூல் மேல வைங்க. ஆடும், ஆனா விழாது. மேசை நாற்காலி செய்யுறவர் வீட்டு ஸ்டூல்தான் மொதல்ல ஆடும்னு இப்ப தெரிஞ்சுக்கிட்டீங்கல்ல.

இதுதான் அந்த ரெண்டு ஸ்பீக்கர் பொட்டியும். சிரிங்க, பரவால்ல, பாக்குற எல்லாரும் சிரிக்கிறாங்க. எடது பக்கம் நிக்கிறது அப்பா செஞ்சது. பாலிஷ்ல மொகம் பாத்து தலை வாரலாம். வலது பக்கம் அண்ணன் செஞ்சது. கருப்பு பெயிண்ட், ஒரே அடி, முடிஞ்சுது. ஒண்ணு கல்யாண மாப்பிள்ள, இன்னொண்ணு கரண்ட் ஆபீஸ் டப்பா. ஆனா உள்ளளவு ரெண்டுக்கும் ஒண்ணுதான் சார், நானே டேப் புடிச்சுப் பாத்துட்டேன்.

தட்டிப் பாருங்களேன். விரல் முட்டியால. டொக்குன்னு செத்த சத்தம்தான வருது? அப்படித்தான் இருக்கணும். ஸ்பீக்கர் பாடணும், பொட்டி வாய மூடிக்கிட்டு இருக்கணும். பொட்டியும் கூட சேந்து பாடுச்சுன்னா தகர டப்பாக்குள்ள ஆளு பேசுற மாதிரி ஆயிடும். அதுக்குத்தான் உள்ள குறுக்குக் கட்டை, சுத்தி பஞ்சு, மூலைக்கு மூலை பசை. பசை பூசுனது நான்.

பள்ளிக்கூடமா? விட்டுட்டேன். புடிக்கல, அவ்வளவுதான். எல்லாரும் பெருசா ஒரு காரணம் எதிர்பாக்குறாங்க. ஒரு மணி அடிச்சா உக்காரு, இன்னொரு மணி அடிச்சா எந்திரி, எனக்கு அது ஒத்து வரல. அதுக்காக அழுறதுக்கு வீட்ல ஆளு இருக்காங்க, நீங்களும் ஆரம்பிக்காதீங்க.

இந்தப் பொட்டிக்கதை அம்மாகிட்டேர்ந்து ஆரம்பிச்சது. அவங்க தையல் மெஷின்ல உக்காந்தா பாட்டு ஓடணும். பழைய செட்டு ஊமையாயிடுச்சு. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல, அப்பனும் மகனும் ஆளுக்கு ஒரு பொட்டி செஞ்சு குடுங்கன்னுட்டாங்க. இதுல என்ன கூத்துன்னா, அப்பனும் மகனும் பேசிக்கிறதே இல்ல.

ஏன்னா, அண்ணன் அப்பாகூடத்தான் பட்டறையில இருந்தான். அலமாரி வாங்க வந்தவங்க முன்னாடி, இந்தக் கதவு மழைக்குக் கோணும்னு சொல்லித் தொலைச்சான். அப்பாவுக்கு மானம் போச்சு. வந்தவங்களும் கெளம்பிப் போயிட்டாங்க. கதவு கோணுச்சான்னு கேளுங்க. கோணுச்சு சார். அதத்தான் அவரால மன்னிக்க முடியல. தப்பா சொன்னவன மன்னிச்சுடலாம், சரியா சொன்னவன யாரு மன்னிப்பா?

அண்ணன் வேற கம்பெனிக்குப் போயிட்டான். ஆனா ஒரே வீடு, ஒரே சோத்துப் பானை, நடுவுல நானு. அந்தத் துரைக்கு தண்ணி வேணுமான்னு கேளும்பாரு அப்பா. துரை முழங்கை இடிக்கிற தூரத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருப்பான். முதலாளி குடிச்சதும் மிச்சம் இருந்தா குடுன்னு இவன் சொல்லுவான். சம்பளமில்லாத தபால்காரி சார் நான்.

அந்தத் தபால்லதான் மொத கோளாறு. உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவுன்னு அண்ணன் சொன்னான், நான் போய் அப்பாகிட்ட ஒப்பிச்சேன். உள்ளளவா வெளியளவான்னு அவனும் சொல்லல, நானும் கேக்கல. எனக்கு எங்க அவ்வளவு பொறுமை. அப்பா உள்ளளவுன்னு நெனச்சு அறுத்தாரு, அவன் வெளியளவுக்கு அறுத்திருந்தான். பக்கத்துல வச்சா ஒண்ணு ஆளு, ஒண்ணு அதோட புள்ள. திட்டு யாருக்கு? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல, ஒரே வார்த்தையில என்னத் திட்டினாங்க. அந்த ஒத்துமைய அப்பதான் பாத்தேன். அண்ணன் பாவம், தன்னோடதுக்குப் புதுப் பலகை வாங்கி மறுபடியும் அறுத்தான்.

அவன் அம்மாகிட்ட ஒண்ணு சொல்லி வச்சிருக்கான். கம்பெனிக்குப் பக்கத்துல ரூம் இருக்காம், இந்தப் பொட்டி வேலை முடிஞ்சதும் அங்க போயிடுவானாம். அம்மா சரிப்பான்னுட்டு மெஷின்கிட்ட போயிட்டாங்க. அன்னைக்குத் தைச்ச சட்டையில ரெண்டு கையும் எடக்கை.

சரி, கோளாறுக்கு வர்றேன், நீங்க அதுக்குத்தான வந்திருக்கீங்க. ரெண்டையும் மாட்டிப் பாட்டு போட்டோமா, குரல் கெணத்துக்குள்ளேர்ந்து வருது. மேளம் இருக்க வேண்டிய எடத்துல மேளமே இல்ல. துரையோடத நிறுத்தச் சொல்லுன்னு அப்பா என்கிட்ட சொன்னாரு. நான் பின்னாடி வயருக்குள்ள சிக்கிக் கெடந்தேன். அவருக்குப் பொறுக்கல. நேரா அவனப் பாத்து, உன்னோடத நிறுத்துடா, என்னோடத தனியா கேளுன்னாரு. நிறுத்துனான். அப்பாவோடது அருமையா பாடுது. இப்ப என்னோடத கேளுங்கப்பான்னான் இவன். அதுவும் அருமை. சேத்துப் போட்டா மறுபடியும் கெணறு.

அப்பான்னான் சார். முதலாளின்னு சொல்லல.

அதுலேர்ந்து சாயங்காலமானா ரெண்டு பேரும் இங்கதான். செவுத்துலேர்ந்து தள்ளி வைக்கிறாங்க, அடியில கட்டை குடுக்குறாங்க, உன் பிளைவுட் சரியில்ல, உங்க பாலிஷ் சரியில்லன்னு ஒரே கத்தல். வயரப் பாக்கணும்னு ரெண்டு பேருக்கும் தோணல. மரவேலைக்காரங்க இல்லயா, தப்பு மரத்துலதான் இருக்கும்னு அவ்வளவு நம்பிக்கை. நேத்து அப்பா அவன் தோள்ல கையூணி குனிஞ்சாரு, அவன் ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சான். கடைசில ரெண்டு பேரும் சேந்து ஒரு முடிவுக்கு வந்தாங்க, உங்களக் கூப்புடலாம்னு. அங்கதான் எனக்குச் சிக்கல்.

பின்பக்கம் போகாதீங்க சார். கொஞ்சம் நில்லுங்க. அந்த டெஸ்டர உள்ள வைங்க.

அதான், உங்களுக்கு நான் சொல்லும்போதே தெரிஞ்சிருச்சு. அப்பா பொட்டியில செவப்பு வயரும் கருப்பு வயரும் மாறியிருக்கு. ஒண்ணு முன்னால தள்ளும்போது இன்னொண்ணு பின்னால இழுக்குது, எப்படி மேளம் கேக்கும். மொத நாள் நான் அவசரத்துல மாட்டுனதுதான். மறுநாள் காலையில ஆளில்லாதப்ப கண்டுபுடிச்சு, சரியா மாட்டிட்டேன். என்னா சத்தம் தெரியுமா? தரையெல்லாம் அதிருது. அடுத்த ரூம்ல தையல் மெஷின் நின்னுச்சு. அம்மா வந்து கதவுல சாஞ்சுக்கிட்டு பாட்டு முடியற வரைக்கும் கேட்டாங்க. பொட்டி வேலை முடிஞ்சுதுன்னு ஆயிடும்ல, நான் அவங்களப் பாத்தேன். அப்புறம் பொட்டியத் திருப்பி, வயர பழையபடியே மாத்தி மாட்டிட்டேன். அம்மா அதையும் பாத்தாங்க. போய் மெஷின மிதிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

கேட் தெறக்குற சத்தம் கேக்குதா? வந்துட்டாங்க. தெருவுலேர்ந்தே சண்டை, ரெண்டு பேரு குரலும் சேந்து எவ்வளவு கனமா வருது பாருங்க.

பஞ்சு பத்தலன்னு சொல்லிடுங்க சார். பஞ்சு மாத்தணும்னா முன்பலகையக் கழட்டணும். அது ஒத்த ஆளால ஆகுற வேலை இல்ல. ஒருத்தர் புடிச்சுக்கணும், ஒருத்தர் இழுக்கணும்.