செய்தி தெரியாத முகம்

என் அக்காவுக்கு ஆச்சரியப்படத் தெரியாது. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது, சார்.

அழச் சொன்னால் அழுவாள், கிளிசரின்கூடக் கேட்க மாட்டாள். கோபப்படச் சொன்னால் கேமராமேன் இரண்டடி பின்னால் போய்விடுவான். மருந்துக்கடையில் பில் போடுகிறவள் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. என் குறும்படங்கள் எல்லாவற்றிலும் அவள்தான் நாயகி. தெரியாத ஒன்றைக் கேட்கிற முகம் மட்டும் அவளுக்கு வரவே இல்லை.

இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கெட்ட செய்தியைக் கேட்பவரின் முகத்தில் முதலில் எதுவுமே நடக்காது. சொல் காதுக்குள் போய்விடும், அர்த்தம் இன்னும் வந்திருக்காது. அந்த இடைவெளியில் முகம் காலியாக இருக்கும். முன்பு இருந்த சிரிப்போ சலிப்போ அப்படியே உதட்டில் தங்கியிருக்கும், ஆள் மட்டும் உள்ளே இருக்க மாட்டார். நடிப்பவர்களிடம் இந்தக் காலி இடம் கிடைக்காது. வசனம் வருவதற்குள் தோள் லேசாக ஏறிவிடும். மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். முகத்துக்கு முன்கூட்டியே தெரிந்துபோகும்.

நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது ஒரு பாட்டுக்கான வீடியோ. ஒரு பெண் துணி மடித்துக்கொண்டு பாடுகிறாள். கடைசி அடியில் பாட்டு அறுந்து நிற்கிறது. யாரோ வந்து அவள் கணவன் இறந்துவிட்டான் என்கிறார்கள். பிறகு இசை இல்லை, அவள் முகம் மட்டும்தான். அந்த முகம் சரியாக வந்தால் வீடியோ மனசில் நிற்கும், இல்லாவிட்டால் துணி மடிக்கிற படம். என் படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் இதுவரை ஒரே விமர்சனம்தான் சொல்லியிருக்கிறார்கள்: நல்ல முயற்சி. அதை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

என்னென்னவோ செய்து பார்த்தேன். வசனத்தை மாற்றினேன். பாட்டை முன்னாலேயே நிறுத்தினேன். அவள் எதிர்பார்க்காத நேரத்தில் தட்டைக் கீழே போட்டேன். தட்டுக்குத் திடுக்கிட்டாள். ஆனால் திடுக்கிடுவது உடம்பு செய்கிற வேலை, அதில் மனசு கிடையாது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

பொய் சொல்லியும் பார்த்தேன். "அக்கா, உங்க கடையில தீப்பிடிச்சிருச்சாம்" என்றேன். அவள் துணியிலிருந்து தலையைத் தூக்கி என் காதைப் பார்த்தாள்.

"மொளகாப்பழம் மாதிரி செவந்திருக்கு. போடா, போய் வேலையைப் பாரு."

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பொய் சொன்னால் என் காது மடல் சிவந்துவிடும். பயத்தில் ரத்தம் ஏறுகிறது, காது மடலில் தோல் மெல்லியது, அதனால் வெளியே தெரிகிறது. வீட்டில் வேறு யாரும் கவனித்ததில்லை, அவள் மட்டும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். மறுநாள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பொய் சொன்னேன். "அதைக் கழட்டிட்டுச் சொல்லு" என்றாள். கழற்றினேன். மொத்த யூனிட்டும் சிரித்தது. மொத்த யூனிட் என்பது கேமராமேனும் மாமாவும்தான்.

மாமா என்றால் அக்காவின் கணவர். எலக்ட்ரீஷியன். விடுமுறை நாளில் வந்து எனக்கு லைட் போடுவார். என்னை "டைரக்டர் சார்" என்றுதான் கூப்பிடுவார், அதில் பாதி கிண்டல், பாதி பெருமை. "சார், ஒரு நாள் நீங்க பெரிய ஆளாகி என்னை யாருன்னு கேப்பீங்க" என்பார். நல்ல மனுஷன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்ததில்லை.

வாடகைக்கு எடுத்த வீட்டின் மாடியறையில் படப்பிடிப்பு. ஜன்னலுக்கு வெளியே உயரத்திலிருந்து வெளிச்சம் வர வேண்டும். பின்பக்கம் பெயின்ட் அடிப்பதற்காகக் கட்டிய இரும்புச் சாரம் அப்படியே நின்றது. அதன்மேல் ஒரு நீளப் பலகையைப் போட்டு, பாதியை வெளியே நீட்டிவிட்டோம். லைட்டைக் குழாயில் இறுக்கியாயிற்று. அதற்கு முன்னால் வெளிச்சத்தை மென்மையாக்க ஒரு வெள்ளைத் துணி. மாமா பலகையில் உட்கார்ந்து துணியைச் சரிசெய்வார். பலகையின் உள்முனையில் ஒரு மணல் மூட்டை. குழந்தைகள் ஆடுகிற ஏற்ற இறக்கப் பலகைக் கணக்குதான், சார். ஒரு பக்கம் குழந்தை முனைக்கு நகர்ந்தால் மறுபக்கம் கனம் வேண்டும். மூட்டை இருக்கும்வரை அவர் வெளிமுனையில் நின்று ஆடினாலும் பலகை அசையாது.

அன்று மதியம் மாமா டீ குடித்துவிட்டு ஏறினார். உள்ளே அக்காவை உட்காரவைத்து, கேமராமேனிடம் "நான் கட் சொல்ற வரைக்கும் எது நடந்தாலும் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, நான் மாடிப்படி ஜன்னலுக்கு வந்தேன். அங்கிருந்து சாரம் கையெட்டும் தூரம். "மாமா, துணியில ஒரு மடிப்பு விழுது. கொஞ்சம் முன்னால போய் இழுத்து விடுங்க" என்றேன்.

"இப்பதான் உட்கார்ந்தேன், டைரக்டர் சார். உங்க அக்காவைக் கட்டினதுக்குத் தண்டனை இது" என்றார். போனார். பலகை சாய்ந்தது.

சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் லைட்டைப் பார்த்தேன். அது குழாயோடு இறுகி அப்படியே நின்றது. பிறகு கீழே பார்த்தேன். சிமெண்ட் தரையில் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. உதடு அசைந்தது. பாட்டு வீடியோ எடுப்பவர்களுக்கு உதட்டைப் படிக்க வரும், வேலையே அதுதானே. 'கூ' என்றால் உதடு குவியும், 'ப்' என்றால் மூடும். 'அவளைக் கூப்பிடு' என்றார். இரண்டு முறை சொன்னார்.

அவர் சொன்னதைத்தான் நான் செய்யப் போனேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அறைக்குள் வந்து பாட்டை ஓடவிட்டேன். கடைசி அடியில் நிறுத்தினேன். வழக்கமான வசனத்துக்குப் பதிலாக, "அக்கா, மாமா சாரத்துலேர்ந்து விழுந்துட்டார்" என்றேன். அவள் என் காதைப் பார்த்தாள். அது சிவக்கவில்லை. உடனே எழுந்துவிட்டாள்.

இதை நான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். உட்கார்ந்திருந்த இடத்துக்குத்தான் ஃபோகஸ் வைத்திருந்தோம். அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது, முகம் ஃபிரேமுக்கு வெளியே போயிற்று. கேமராமேன் மெதுவாக, "போச்சு. ஒண்ணுமே தெளிவா இல்லை" என்றான். அவனும் இது நான் போடுகிற நாடகம் என்றுதான் நினைத்திருந்தான். அவனைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அக்கா கதவருகே வந்துவிட்டாள். நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு குறுக்கே நின்றேன். "பொய்க்கா. ஷாட்டுக்காகச் சொன்னேன். மாமா மேலதான் இருக்கார், பாரு, லைட் எரியுது" என்றேன்.

ஜன்னலைப் பார்த்தாள். வெள்ளைத் துணி, அதன் பின்னால் வெளிச்சம். என்னைப் பார்த்தாள். ஹெட்ஃபோனைக் கழட்டச் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என் காதைப் பார்க்காமலே நம்பிவிட்டாள். என் தோளில் ஓங்கி ஓங்கி அடித்தாள், அடித்துக்கொண்டே சிரித்தாள், மூக்கு ஒழுகியது.

"பாவி. நீ நல்லா இருப்பியா. எனக்கு உயிரே போயிருச்சு."

"சாரிக்கா."

"அவர்கிட்ட சொல்லிடாதடா. நான் இப்படி ஓடினேன்னு தெரிஞ்சா வருஷம் பூரா ஓட்டுவார்."

நாற்காலியை நிமிர்த்திக் கால்கள் இருக்க வேண்டிய இடத்தில் டேப் ஒட்டினேன். அவள் முகம் துடைத்துக்கொண்டாள். பவுடர் போட்டுவிட்டேன். இதற்கெல்லாம் நேரம் ஆகத்தான் செய்தது. இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொன்னீர்கள். மறுக்கவில்லை. ஆனால் டேப் ஒட்டாமல் எடுத்திருந்தால் மறுபடியும் ஃபோகஸ் போயிருக்கும்.

பாட்டு ஓடியது. அவள் துணி மடித்தாள். பிழைத்துக்கொண்ட ஒருத்தியின் சிரிப்பு இன்னும் உதட்டோரம் இருந்தது. அதை நான் எழுதவில்லை, யாராலும் எழுதவும் முடியாது. கடைசி அடியில் பாட்டை நிறுத்திவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றினேன்.

"அக்கா. முதல்ல சொன்னதுதான் நெசம்."

என் காதைப் பார்த்தாள். தோள் ஏறவில்லை, கண் இமைக்கவில்லை. சிரிப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. அவள் மட்டும் அங்கே இல்லை. எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் ஓடவிட்டேன். இந்தத் தடவை அவளால் எழுந்திருக்க முடியவில்லை, அதனால் ஃபோகஸும் கெடவில்லை. கட் சொன்னேன். ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டது நான்தான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அக்கா என்னைப் பார்க்க வரவில்லை என்கிறீர்கள். அவளுக்கு இன்னும் யாரும் வீடியோவைக் காட்டவில்லை, அதுதான் காரணம். காட்டுங்கள். நல்ல திரையில், இருட்டறையில். அவள் ஒரு நடிகை, புரிந்துகொள்வாள்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பது மணல் மூட்டையைப் பற்றி. பலகையில் இருக்க வேண்டிய மூட்டை எப்படிக் கேமரா ஸ்டாண்டுக்கு அடியில் வந்தது என்று. ஸ்டாண்டு ஆடியது, அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்தேன் என்று காலையில் சொன்னேன். அப்போது நீங்கள் என் காதைப் பார்த்திருக்க வேண்டும், சார்.

இப்போது பாருங்கள்.

பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆகவே செய்தி உண்மையாக இருக்க வேண்டும். செய்தி உண்மையாக இருக்க ஒரே ஒரு மூட்டையை நகர்த்தினால் போதும். மாமா டீ குடிக்க இறங்கியபோது நகர்த்தினேன்.