போகாதவன் எப்படித் திரும்பி வருவான்?

...போகவே இல்லையாம், சின்யோரா. கேட்டீங்களா கதையை? பத்து வருஷம் ராட்டர்டாம்ல மழையில நனைஞ்சு, எதிர்காத்துல சைக்கிள் மிதிச்சு, மசிச்ச உருளைக்கிழங்கைத் தின்னு... அம்புட்டும் நான் கண்ட கனவாம். வரி ஆபீஸைப் பொறுத்தவரைக்கும் நான் இத்தாலியில இந்த லெச்சே ஊரை விட்டு ஒரு அடி எடுத்து வைக்கலை. போகாதவன் எப்படித் திரும்பி வருவான்? திரும்பி வராதவனுக்கு எதுக்குச் சலுகை? அவங்க கேக்கறது நியாயந்தான். அதான் இன்னும் எரிச்சலா இருக்கு.

இருங்க... நான் உள்ள வரும்போது "யாரு கடைசி"ன்னு கேட்டேன், நீங்கதான கையைத் தூக்கினீங்க? அப்ப நீங்க, உங்களுக்கு அப்புறம் நான். சரி, சரி. உள்ள போன மனுஷன் இப்ப வர மாதிரி இல்லை. நம்ம இங்ரோசோ டாக்டரு முதல்ல கால்பந்து பேசுவாரு, அப்புறம் அவரோட ஆலிவ் மரம், அதுக்கப்புறம்தான் வியாதி.

என்ன சலுகைன்னா... வெளிநாட்டுல இருந்து திரும்பி வர்ற படிச்ச ஆளுங்களுக்கு, சம்பளத்துல பாதிக்குத்தான் வரி. சின்னப் பிள்ளை இருந்தா இன்னும் குறையும். எனக்குப் பிள்ளையும் இருக்கு, படிப்பும் இருக்கு. "உயர் திறன் நிபுணர்"னு சட்டத்துலயே போட்டிருக்கு. என்னைத்தான் சொல்றாங்க, சிரிக்காதீங்க. மத்தவங்க கம்ப்யூட்டர்ல எங்க ஓட்டை இருக்குன்னு கண்டுபிடிக்கறது என் தொழில். ராட்டர்டாம்ல இருந்த அந்த டச்சுக் கம்பெனிக்கே இங்க எங்க அம்மா வீட்டு மாடியில உக்காந்து வேலை பார்க்கறேன். ஊருக்கெல்லாம் ஓட்டை கண்டுபிடிக்கிறவன், தன் சட்டைப்பையில இருந்த ஓட்டையைப் பார்க்கலை.

எந்த ஓட்டைங்கறீங்களா? நீங்க கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். வெளிநாட்டுல குடியேறினா இங்க முனிசிபாலிட்டியில சொல்லி, அங்க குடியிருக்கறவங்களுக்குன்னு இருக்கற பதிவேட்டுக்குப் பேரை மாத்திக்கணும். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். நான் மாத்தலை. ஏன்? மாத்தினா இங்க அரசாங்கம் நமக்குன்னு குடுத்த குடும்ப டாக்டர் கையை விட்டுப் போயிருவாரு! இங்ரோசோவை விட்டுட்டு யாராவது இருப்பாங்களா? அதுவும் அந்த ஊர் டாக்டர்களை நம்பியா? காய்ச்சலா, பாராசிட்டமால். கால் உடைஞ்சுதா, பாராசிட்டமால். நெஞ்செரியுதுன்னு போனேன், "ஒரு வாரம் கழிச்சும் எரிஞ்சா வாங்க"ன்னு அனுப்பிட்டாங்க. அதனால பேரை இங்கயே விட்டு வெச்சேன். பெரிய புத்திசாலின்னு நினைப்பு. அங்க இருந்த நம்ம ஊர்ப் பசங்களுக்கெல்லாம் நான்தான் யோசனை சொன்னேன், "டாக்டரை விட்றாதீங்கடா"ன்னு. இப்ப அவங்க போன் பண்ணா எடுக்கறதில்லை.

அதோட நின்னிருந்தாலும் தப்பிச்சிருப்பேன். அங்க வாடகை கட்டினது, சம்பளம் வாங்கினது, எல்லாம் காட்டிப் பேசிப் பார்க்கலாம்னு ஆடிட்டரம்மா சொன்னாங்க. ஆனா கிளம்பும்போது என் சுகாதார அட்டையை அம்மா கையில குடுத்துட்டுப் போனேன் பாருங்க... அம்மா மாசம் தவறாம இங்க வந்து என் பேருல நெஞ்செரிச்சல் மாத்திரைக்குச் சீட்டு வாங்குவாங்க. கையில ஒரு டப்பா ரிக்கோட்டா சீஸ், டாக்டருக்கு. மருந்துக் கடையில அட்டையை நீட்டி மாத்திரை வாங்கி, காலுறைக்குள்ள சுருட்டி, தக்காளிச் சாறு பாட்டிலுக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் நடுவுல சொருகி, பார்சல்ல அனுப்புவாங்க. அந்த அட்டை நம்பர்தான் வரி நம்பரும். மருந்துக் கடையில அட்டையை நீட்டினா வரி ஆபீஸ்ல போய் விழுது. "மாசாமாசம் லெச்சேயில மாத்திரை வாங்கின மனுஷன் எப்படிய்யா ராட்டர்டாம்ல இருந்தான்?"னு கேக்கறாங்க. எங்க அம்மாவோட பாசம் வந்து எனக்கு எதிரா சாட்சி சொல்லிட்டுப் போயிருக்கு.

ஆமா, நீங்க எதுக்கு வந்தீங்க? பார்க்க நல்லாத்தான இருக்கீங்க... ஓ, மகனுக்குச் சீட்டு வாங்கவா. எங்க இருக்காரு? மியூனிக்கா! நல்ல ஊரு. அங்க எதிர்காத்து கம்மி.

மார்லூஸ்தான் பாவம். என் சம்சாரம். அங்க வேலையை விட்டுட்டு, வீட்டைக் காலி பண்ணிட்டு வந்தா. அவ சத்தம் போட்டாக்கூடத் தேவலை. அமைதியா, "சலுகை இல்லைன்னா ஒரு சம்பளத்துல கட்டுப்படியாகாது கோசிமோ, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள திரும்பிரலாம்"னு சொல்றா. அவ சொல்றது சரி. எனக்குத்தான் போக மனசில்லை சின்யோரா. என் பொண்ணு இப்ப மீன்கடைக்காரனை நம்ம ஊர்ப் பேச்சுலயே திட்டுறா. அங்க நான் வாயைத் திறந்தா முடிக்கிற வரைக்கும் எல்லாரும் மரியாதையாக் காத்திருப்பாங்க. எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா? இங்க எவனும் என்னை ஒரு வாக்கியம் முடிக்க விட்டதில்லை. நீங்க ஒருத்தங்கதான் குறுக்கயே பேசலை. என்ன, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? ஜன்னலைத் திறக்கட்டுமா?

இப்ப ஒரே வழிதான் இருக்கு. "இந்த ஆளை இத்தனை வருஷமா என் கண்ணால பார்க்கலை"ன்னு டாக்டர் எழுதிக் குடுக்கணும். குடுத்தா நான் தப்பிச்சேன். ஆனா பார்க்காம எப்படிய்யா மாசாமாசம் சீட்டு எழுதினீங்கன்னு அவரைக் கேப்பாங்களே! எந்த மனுஷனை விடக்கூடாதுன்னு இவ்வளவும் பண்ணேனோ, அவரு கழுத்துலயே கத்தியை வைக்கணும். நேத்து ராத்திரியெல்லாம் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்தேன். "டாக்டர், நீங்க செஞ்ச நல்லது தப்புன்னு எழுதிக் குடுங்க"ன்னு எப்படிக் கேக்கறது? நீங்களா இருந்தா கேப்பீங்களா?

...கதவு திறக்குது. போங்க சின்யோரா, உங்க முறைதான். நான் அப்புறம்... வணக்கம் டாக்டர்! ஆமா, கோசிமோதான், அசுந்தா பையன். என்னது? என் மூஞ்சியைப் பார்த்து பத்து வருஷமாச்சா? அடையாளமே தெரியலையா?

சின்யோரா, கேட்டீங்கல்ல? டாக்டர் இப்ப அவர் வாயாலயே என்ன சொன்னாருன்னு... சின்யோரா?

இப்ப இங்கதான உக்காந்திருந்தாங்க! அந்தா... வாசல்ல நிக்கறாங்க. போன்ல மகன்கிட்ட போல, கத்துறாங்க. "மாத்திரை கீத்திரை கிடையாது, முதல்ல போய்ப் பதிவேட்டுல பேரை மாத்து"ங்கறாங்க.

இல்ல டாக்டர், அவங்க வரமாட்டாங்க போல. நான் வர்றேன். ரிக்கோட்டாவா? இருக்கு, அம்மா குடுத்துவிட்டிருக்காங்க. டாக்டர்... இப்ப சொன்னீங்களே, பத்து வருஷமாச்சுன்னு, அதையே சாட்சிக்கு ஆள் இருக்கும்போது இன்னொரு தடவை சொல்ல முடியுமா?